அச்சுகள் மேல் கட்டிய பின்வீடு

பின்வீட்டின் பேஸ்மட்டத்துக்குள் கொட்டி நிரப்பிய அன்று அங்கே இருந்தவர்கள் அப்பா, அம்மா, அண்ணன், கொத்தனார், அவருடைய சித்தாள், நான். இல்லாதவர் அண்ணி. அவர் அப்போது பெண்ணாடத்தில் தன் அப்பா வீட்டில் இருந்தார், எங்களுக்கு இன்னும் அண்ணியாகவும் ஆகியிருக்கவில்லை. அந்தத் தரை மேல் நடக்கப்போகிறவர் அவர்தான். அதற்குள் என்ன போனது என்று பார்க்காதவரும் அவர் ஒருவர்தான்.

அண்ணனுக்குப் பெண் கேட்டுப் போனபோது பெண்ணின் அப்பா எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு ஒன்றே ஒன்றைத்தான் கேட்டார். "எங்க பொண்ணு ஆறு பேரு உள்ள வூட்ல கூடத்துலயே படுத்து வளந்தவ. அங்க வந்தும் கூடத்துல படுக்க வைக்க மாட்டீங்களே?"

எங்கள் வீட்டில் இருந்ததே ஒரு கூடமும் ஒரு சமையலறையும்தான். அப்பா யோசிக்கவேயில்லை. "பின்னால எடம் கெடக்குதுங்க. வைகாசிக்குள்ள தனியா ஒரு சின்ன வூடே கட்டிடறேன். தனிக் கதவு, தனி அடுப்பு" என்று சொல்லிவிட்டார். பஸ்ஸில் திரும்பும்போது அம்மா ஜன்னலைப் பார்த்துக்கொண்டே, "வாயால கட்டறதுக்குச் செங்கல்லு வேணாம்" என்றாள்.

தை மாதம் வேலை தொடங்கியது. ஒரு அறை, அதை ஒட்டிச் சமைக்க ஒரு சிறிய இடம், மேலே சிமெண்ட் சீட்டு. அவ்வளவுதான். மழைக்காலத்தில் எங்கள் தெருவில் தண்ணீர் முழங்கால் வரை நிற்கும் என்பதால் பேஸ்மட்டத்தை மூன்றடி உயர்த்த வேண்டியிருந்தது. நாலு பக்கமும் சுவர் எழும்பியதும் நடுவில் பெரிய தொட்டிபோலப் பள்ளம் நின்றது. கொத்தனார் அதற்குள் இறங்கிக் காலால் அளந்து பார்த்து, "ஏழு டிராக்டர் கிராவல் மண்ணு வேணும்ண்ணே" என்றார். டிராக்டருக்கு எழுநூறு ரூபாய். அப்பா துணி துவைக்கும் கல் மேல் உட்கார்ந்துவிட்டார்.

அப்பா களிமண் லாரியில் ஏற்றி இறக்குகிறவர். அண்ணன் பொம்மை செய்யும் ஒரு செராமிக் யூனிட்டில் அச்சு ஊற்றுகிறவன். கூழாகக் கரைத்த களிமண்ணை வெள்ளை பிளாஸ்டர் அச்சுக்குள் ஊற்ற வேண்டும். அச்சு தண்ணீரைக் குடித்துவிடும், களிமண் மட்டும் உள்சுவரில் தோல்போலப் படிந்து நிற்கும். அதைப் பிரித்தெடுத்துக் காயவைத்துச் சூளையில் வைத்தால் பொம்மை. கொஞ்ச காலம் உழைத்ததும் அச்சுக்கு ஓரம் மழுங்கிவிடும், குடிக்கவும் முடியாது. அப்படிப்பட்டதைத் தூக்கி யூனிட்டுக்குப் பின்னால் எறிந்துவிடுவார்கள்.

"அந்தப் பழைய அச்சு அங்க மலையாட்டம் குவிஞ்சி கெடக்குதுப்பா. அள்ளிட்டுப் போனா போதும்னு மொதலாளி கெஞ்சறாரு. டிராக்டர் வாடக மட்டும் குடுத்தா போதும்" என்றான் அண்ணன்.

கொத்தனார் தலையை ஆட்டினார். "அது வாணாம்பா. தண்ணி குடிக்கற சாமான் அது. தரைக்குக் கீழ போடக்கூடாது."

"ஏன்?"

"ஏன்னு எனக்குச் சொல்லத் தெரியாது. போட்டுப் பாத்ததில்ல. போடாததப் போட மாட்டேன்."

அப்போது அப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடப் படியைத் தாண்டிக் கல்லூரிக்குப் போனவன் நான் ஒருவன்தான். கெமிஸ்ட்ரி, இரண்டாம் ஆண்டு. அண்ணன் ஐந்தாவதோடு நின்று களிமண்ணில் கைவைத்ததால்தான் நான் படிக்க முடிந்தது. "நீதானடா இதயெல்லாம் படிக்கிற. என்னா சொல்ற?" என்றார் அப்பா.

எனக்குத் தெரியும் என்றே நினைத்தேன். அந்த மாதம்தான் சிமெண்ட் பாடம் நடந்திருந்தது. அதில் ஐந்து மதிப்பெண் கேள்வி ஒன்று தவறாமல் வரும் என்று சீனியர்கள் குறித்துக் கொடுத்திருந்தார்கள், அதை மனப்பாடமாக வைத்திருந்தேன். "சிமெண்டு செய்யும்போதே ஜிப்சம் கலக்குறாங்கப்பா. அது இல்லன்னா சிமெண்டே ஒழுங்கா இறுகாது. இந்த அச்சும் அதே ஜிப்சம்தான். ரெண்டும் சொந்தக்காரங்க மாதிரி. ஒண்ண ஒண்ணு நல்லாப் புடிச்சிக்கும்."

"சொந்தக்காரங்கதான் தம்பி வூட்டயே பிரிப்பாங்க" என்றார் கொத்தனார். எல்லாரும் சிரித்தோம். அவரும் சிரித்தார். பிறகு கையிலிருந்த மட்டப்பலகையைக் கீழே வைத்துவிட்டு, "சரி, படிச்ச புள்ள சொல்லுது. கொட்டுங்க" என்றார்.

இரண்டு நாள் டிராக்டர் வந்து போனது. அச்சுகள் எல்லாம் பாதிப் பாதியாகப் பிளந்து கிடந்தன. வெளியே வெறும் வெள்ளைக் கட்டி. திருப்பினால் உள்ளே ஒரு முகம் குழிந்திருக்கும். மூக்கு இருக்க வேண்டிய இடத்தில் பள்ளம், கண் இருக்க வேண்டிய இடத்தில் குழிவு. வெயில் விழும் கோணத்தில் சில முகங்கள் உள்ளிருந்து வெளியே எட்டிப்பார்ப்பது போலத் தோன்றும். குதிரை, கிளி, தலையாட்டி, உண்டியல் பூனை எல்லாம் பள்ளத்துக்குள் மல்லாந்து விழுந்தன.

அம்மா ஓடி வந்தாள். "சாமி மூஞ்சி எதுவும் உள்ள போவக்கூடாது. மேல நின்னு மிதிக்கவா போறோம்?" ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்து, பிள்ளையாரைத் தனியே எடுத்து முருங்கை மரத்தடியில் வைத்தாள். முருகனை எடுத்தாள். மாதா அச்சு ஒன்று வந்தது, அதையும் எடுத்தாள். "அது வேற சாமிம்மா" என்றான் அண்ணன். "சாமிதானடா" என்றாள்.

முதல் டிராக்டர் முடியவே மத்தியானம் ஆகிவிட்டது. "யம்மா, நீ ஒவ்வொருத்தன் மூஞ்சியையும் விசாரிச்சி அனுப்பினா கல்யாணம் அடுத்த வைகாசிக்குத்தான்" என்று அண்ணன் சிரித்துக்கொண்டே மீதியை அப்படியே சரித்துவிட்டான். அம்மா அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

மேலே ஒரு சாண் மணல், அதன் மேல் ஜல்லி கான்கிரீட், அதற்கும் மேல் செக்கச் செவேலென்று ரெட் ஆக்சைடு தரை. கொத்தனார் கரணையால் தேய்த்துத் தேய்த்து அதில் முகம் தெரியும்படி செய்துவிட்டுப் போனார்.

வைகாசியில் அண்ணி வந்தார். தரையைப் பார்த்ததைவிடக் கதவைத்தான் அதிகம் பார்த்தார். வேப்பம் பலகைக் கதவு, உள்ளே தாழ்ப்பாள். மத்தியானம் வேலை முடிந்ததும் உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொள்வார். தூங்கமாட்டார். ரேடியோவைச் சின்னதாக வைத்துக்கொண்டு தலை வாருவார், சும்மா உட்கார்ந்திருப்பார். "என்னா பண்ணுவ உள்ள?" என்று அம்மா ஒருநாள் கேட்டதற்கு, "ஒண்ணும் பண்ண மாட்டேன் அத்தே. கதவு சாத்தியிருக்குதுன்னு பாத்துக்கிட்டு இருப்பேன்" என்றார். அம்மாவுக்கு அது புரிந்தது என்று நினைக்கிறேன். அதன் பிறகு மத்தியானத்தில் அந்தக் கதவை யாரும் தட்டவில்லை.

புரட்டாசியில் தரையில் வெள்ளையாகப் பூத்தது. கோலமாவு சிந்தியதுபோல இருந்தது. அண்ணி துடைத்தார். மறுநாள் அதே இடத்தில் மறுபடி பூத்திருந்தது. தேங்காயெண்ணெய் தொட்டுத் தேய்த்துப் பார்த்தார். எண்ணெயின் மேலேயே பூத்தது.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. தெருத் தண்ணீர் வழக்கம்போல உள்ளே வந்து பின்வீட்டைச் சுற்றிப் பத்து நாள் நின்றது. வடிந்த பிறகு ஒரு காலை அண்ணன் சாப்பிட உட்கார்ந்தபோது தட்டுக்குப் பக்கத்தில் வைத்த டம்ளர் தானாகச் சுவர்ப்பக்கம் நகர்ந்து சாய்ந்தது. அவன் நிமிர்த்தி வைத்தான். மறுபடி நகர்ந்தது. "வூட்டுக்குள்ள ஆறு ஓடுது போல" என்று சிரித்தான். அண்ணி சிரிக்கவில்லை. அவர் அப்போது மாசமாக இருந்தார். அறையின் நடுவில் தரை, சோறு உப்பி மூடியைத் தூக்குவதுபோல, மெல்லத் தூக்கியிருந்தது.

பிறகு கதவு. உள்பக்கமாகத் திறக்கும் கதவு அது. அடிப்பக்கம் தரையில் உரசத் தொடங்கி, சிவப்புத் தரையில் கால்வட்டமாக ஒரு வெள்ளைக் கீறல் விழுந்தது. தச்சர் வந்து அடியை இழைத்துக் கொடுத்தார். இருபது நாளில் மறுபடி உரசியது. மறுபடி இழைத்தார். "நான் கதவு தேய்க்கறேன், தரை மேல வருது. எது மொதல்ல முடியும்னு பாப்போம்" என்று கூலியை வாங்கி மடியில் செருகிக்கொண்டு போனார்.

மேடு எழுந்த இடத்தில் வெடிப்பு விட்டது. ஒன்று நீளமாக, இரண்டு குறுக்காக. அம்மா அதன் முன்னால் நின்று வெகுநேரம் பார்த்தாள். "மூஞ்சியாட்டம் இல்ல?" என்றாள். பார்க்கச் சொன்ன பிறகு எனக்கும் அப்படித்தான் தெரிந்தது. "அன்னிக்கு நான் பாக்காம எத்தினி உள்ள போச்சோ. அம்மன் ஒண்ணு கீழ மாட்டிக்கிச்சி. மிதிக்க மிதிக்க எழும்பி வருது."

அந்த வெள்ளிக்கிழமை மஞ்சள் தண்ணீரும் கொஞ்சம் பாலும் கொண்டு வந்து மேட்டின் மேல் ஊற்றினாள். அடுத்த வெள்ளி பக்கத்து வீட்டு அக்கா வந்தார். அதற்கடுத்த வெள்ளி நாலு பேர். கருவேப்பிலங்குறிச்சியிலிருந்து கூட ஒரு அம்மாள் குடத்தோடு வந்தார். குங்குமம் வைத்தார்கள், எலுமிச்சம்பழம் நறுக்கினார்கள். அண்ணி கதவைத் திறந்து வைத்துக்கொண்டு ஓரமாக நிற்பார். மத்தியானத்தில் தாழ்ப்பாள் போடுகிற வழக்கம் மட்டும் நிற்கவில்லை.

அப்பா கொத்தனாரைக் கூட்டி வந்தார். அவர் மேட்டின் அருகே குந்தி விரலால் தட்டினார். சத்தம் காலிப் பானைபோல வந்தது. என்னை ஏறெடுத்துப் பார்த்தார், ஆனால் ஒரு வார்த்தை சொல்லிக் காட்டவில்லை. "ஒடச்சி எல்லாத்தையும் அள்ளிடுங்கண்ணே. நாளாவ நாளாவ ரொம்பத் தூக்கும்."

"புள்ளத்தாச்சி இருக்கிற வூட்ல கடப்பாற போடுவாங்களா?" என்றாள் அம்மா. "அதுவும் அம்மன் இருக்கிற எடத்துல?"

எங்கள் பக்கத்தில் மாசமாக இருக்கிறவள் வீட்டில் ஆணி அடிக்கவே யோசிப்பார்கள். கொத்தனாரும் கையைத் தட்டிக்கொண்டு எழுந்தார். "அவ பொறந்த வூட்டுக்குப் போனப்புறம் பாத்துக்கலாம்" என்று முடிவாயிற்று. பங்குனியில் ஒன்பதாம் மாத வளைகாப்பு, அதன் பிறகு அண்ணி பெண்ணாடம் போய்விடுவார், அப்போது உடைக்கலாம்.

கார்த்திகையில் ஒருநாள் நான் கல்லூரி நூலகத்தில் அதே புத்தகத்தை எடுத்தேன். என்னுடைய ஐந்து மதிப்பெண் அந்தப் பக்கத்தின் கடைசி வரியில் முடிந்திருந்தது. யாரோ பென்சிலால் கோடு போட்டு 'இதுவரை' என்று எழுதியிருந்தார்கள். நான் பக்கத்தைத் திருப்பினேன். முதல் பத்தியிலேயே இருந்தது. ஜிப்சம் அளவோடு சேர்ந்தால் நல்லது, அளவுக்கு மேல் சேர்ந்து ஈரமும் இருந்தால் இறுகிய சிமெண்டோடு வினைபுரிந்து உப்பி, கான்கிரீட்டையே வெடிக்கச் செய்யும். கேள்வியாக வராது என்பதால் யாரும் அந்தப் பத்தியைத் தொடவில்லை. மூன்று முறை படித்தேன். பிறகு புத்தகத்தை அது இருந்த இடத்திலேயே செருகிவிட்டு வந்தேன்.

அன்று வெள்ளிக்கிழமை. வீட்டுக்குள் நுழையும்போது அம்மா சொம்போடு பின்வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தாள்.

"யம்மா, தண்ணி ஊத்தாதம்மா."

"ஏண்டா?"

சொல்லியிருக்கலாம். டீக்கடையில், மண் லாரியில், எதிர்ப்படுகிற எல்லாரிடமும் அப்பா, "எம் பையன் சொன்ன கணக்குல கிராவல் செலவே இல்லாம கட்டிட்டேன்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். கல்லூரிக்குக் கட்டுகிற பணம் வீண்போகவில்லை என்பதற்கு அவரிடம் இருந்த ஒரே சாட்சி அதுதான்.

"வழுக்கும்" என்றேன்.

"அதுவும் சரிதான். வாயும் வயிறுமா நடக்கறா" என்று சொல்லி, அன்றிலிருந்து அம்மா ஒரு சொட்டு வெளியே சிந்தாமல் வெடிப்புக்குள்ளேயே பார்த்துப் பார்த்து ஊற்றினாள். ஊற்ற ஊற்ற அது குடித்தது.

மார்கழியில் ஒரு மத்தியானம் அண்ணி என்னைப் பின்வீட்டு வாசலிலிருந்து கூப்பிட்டார். "தம்பி, நீங்க படிச்சவங்க. மத்தவங்ககிட்ட கேக்க முடியல. நெசமாவே கீழ சாமி இருக்குதா?"

"தெரியலீங்க அண்ணி."

"இருந்தா இருந்துட்டுப் போவட்டும். என் கதவ மட்டும் வுட்டா போதும்" என்று அதன் அடிப்பக்கத்தைக் காலால் தட்டிக் காட்டினார். இழைத்து இழைத்து அடிக்கட்டையே மெலிந்திருந்தது. அன்றும் நான் சொல்லவில்லை.

மாசி மகத்தன்று ஊரே கோயிலுக்கும் ஆற்றுக்கும் போய்விட்டது. சுற்றுப்பட்டு ஊர்களிலிருந்து வண்டி வண்டியாக ஜனம் வந்து இறங்கியபடி இருந்தது. அம்மா விடியற்காலையிலேயே போயிருந்தாள். அப்பா அவளோடு. அண்ணன் யூனிட்டில். சூளையில் நெருப்பு வைத்துவிட்டால் அதற்கு மகமும் கிடையாது, தீபாவளியும் கிடையாது. அண்ணிக்கு ஏழு முடிந்து எட்டு நடந்துகொண்டிருந்தது. கூட்டத்தில் போக வேண்டாம் என்று விட்டுவிட்டுப் போனார்கள். நான் கூடத்தில் படித்துக்கொண்டிருந்தேன்.

பத்து மணி இருக்கும். பின்னால் பீங்கான் கோப்பை ஒன்று கீறல் விடுவதுபோல 'டிக்'கென்று ஒரு சத்தம். சின்னச் சத்தம்தான். அதைத் தொடர்ந்து குடம் உருளும் ஓசை. பிறகு எதுவும் இல்லை.

"தம்பி."

ஓடினேன். கதவு சாத்தியிருந்தது. தள்ளினேன், அசையவில்லை. ஜன்னல் கம்பி வழியாகப் பார்த்தேன். அண்ணி மேட்டுக்குப் பக்கத்தில் ஒருக்களித்துக் கிடந்தார். மேட்டில் கால் தடுக்கிக் குடத்தோடு விழுந்திருந்தார். மேட்டின் மேல் கொட்டிய தண்ணீரை வெடிப்பு குடித்துக்கொண்டிருந்தது.

"தாப்பாள எடுங்க அண்ணி!"

"தாப்பாளே போடலப்பா. சும்மாதான் சாத்தினேன்." வலியிலும் அவர் அதைத் திருத்திச் சொன்னார்.

கதவை எதுவும் பூட்டியிருக்கவில்லை. கீழிருந்து தரைதான் பிடித்துக்கொண்டிருந்தது. தோளால் மோதினேன். மோதுகிற ஒவ்வொரு முறையும் கதவு இன்னும் இறுகியது. உள்ளே அவர், "மெதுவா தம்பி, மெதுவா" என்று எனக்கு ஆறுதல் சொல்லிக்கொண்டிருந்தார். பிறகு அந்தக் குரலும் நின்றது. அப்பாவின் கடப்பாறையை எடுத்து வந்து கீழ்ப்பலகையைக் குத்தினேன். புள்ளத்தாச்சி வீட்டில் யாரும் போடக்கூடாதென்ற கடப்பாறை. பலகை பிளந்து, நான் குனிந்து நுழையும் அளவுக்கு வழி விடுவதற்குள் அண்ணியின் புடவையில் ரத்தம் தெரிந்தது.

ஆட்டோ ஒன்றுகூட இல்லை, எல்லாம் கோயில் பக்கம். முக்குக் கடையில் ஒரு ரூபாய் போட்டு யூனிட்டுக்குப் போன் செய்தேன். களிமண் ஏற்றும் லோடு ஆட்டோவில் அண்ணன் வந்து இறங்கினான். உடம்பெல்லாம் வெள்ளைக் களிமண். அந்தக் கையோடே அண்ணியைத் தூக்கினான். திருவிழாக் கூட்டத்துக்கு நடுவே ஹாரன் அடித்துக்கொண்டே போனோம். ஜனங்கள் நாங்கள் நேர்த்திக்கடன் செலுத்தப் போகிறோம் என்று நினைத்து வழிவிட்டுக் கும்பிட்டார்கள்.

ஊர் ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டுப் புதுச்சேரிக்கு அனுப்பினார்கள். அன்று சாயங்காலமே குழந்தை பிறந்தது. பெண். ஒரு முழம்கூட இருக்காது. கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தார்கள். நாலு நாள் யாரும் எதுவும் உறுதியாகச் சொல்லவில்லை. ஐந்தாம் நாள் டாக்டரம்மா, "தேறிடும்" என்றார்.

அந்த ஐந்தாம் நாள்தான் ஆஸ்பத்திரி வராண்டாவில் அண்ணனிடம் சொன்னேன். புத்தகத்தை, பக்கத்தைத் திருப்பாததை, பிறகு திருப்பியதை, எல்லாம்.

அவன் கேட்டுக்கொண்டான். "எப்பத் தெரியும் ஒனக்கு?"

"கார்த்திகையில."

"இப்ப மாசி" என்றான். மாதங்களை விரல் மடக்கி எண்ணவில்லை. பிறகு, "கெமிஸ்ட்ரியில தப்பு பண்ணினது தப்பில்லடா. அச்ச நாந்தான அள்ளியாந்தேன். தெரிஞ்சப்புறம் அவகிட்டவாச்சும் சொல்லியிருக்கலாம். அவ ஒன்ன வந்து கேட்டாளாமே" என்றான். எழுந்து போய் டீ வாங்கி வந்தான். என் கையில் கொடுத்துவிட்டு, குழந்தை இருந்த அறைப்பக்கம் போய் நின்றுகொண்டான்.

ஆஸ்பத்திரியிலிருந்து பெண்ணாடம் போன அண்ணி அந்த வீட்டுக்குத் திரும்பவில்லை. அண்ணன் ஸ்டேஷன் பக்கம் ஒரு வாடகை வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுத்தான். கதவு வெளிப்பக்கமாகத் திறக்கிற வீடாகப் பார்த்து எடுத்தான் என்று பிறகு தெரிந்தது.

பங்குனியில், வீட்டில் எல்லாருக்கும் விஷயம் தெரிந்த பிறகு, தரையை உடைத்தோம். சிவப்புப் பூச்சு ஓடு ஓடாகப் பெயர்ந்து வந்தது. அதன் கீழே ஜல்லியைக் கையால் பிட்டு எடுக்க முடிந்தது. அச்சுகளில் பாதி, ஊறவைத்த அரிசிமாவுபோலக் குழைந்து கிடந்தன. மீதி முழுசாக இருந்தன. அம்மா பள்ளத்துக்குள் இறங்கி உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தாள். அன்று பார்க்க முடியாமல் போனதையெல்லாம் பார்த்தாள். குதிரை. கிளி. தலையாட்டி. உண்டியல் பூனை. நிறைய உண்டியல் பூனை. மத்தியானம் வரை தேடியும் ஒரு சாமி முகம் கிடைக்கவில்லை. குழைந்துபோனதில் இருந்திருக்கும் என்று நான் சொன்னேன். அவள் என்னை நிமிர்ந்து பார்த்து, "நீ சும்மா இருடா" என்றாள். அவளிடம் அதுவரை நான் கேட்டிராத குரல் அது.

அப்பா அதன் பிறகு டீக்கடையில் என்னைப் பற்றி எதுவும் பேசுவதில்லை. சுவரும் அடியில் வெடித்திருந்ததால் கொத்தனார் நாலு பக்கமும் இறக்கிவிட்டுக் கடைக்காலிலிருந்து எடுத்தார், இந்த முறை கிராவல் போட்டு. கட்டி முடித்த அறை பூட்டியே கிடந்தது. நான் படிக்கும் நாற்காலியை அங்கே போட்டுக்கொள்ளச் சொன்னார்கள். போடவில்லை.

கிராவல் வாங்காததில் நாங்கள் மிச்சம் பிடித்தது, டிராக்டர் வாடகை போக, மூவாயிரத்து எழுநூறு ரூபாய். முதலில் கட்டியது, தச்சர் கூலி, ஆஸ்பத்திரி, கண்ணாடிப் பெட்டி, வாடகை வீட்டு அட்வான்ஸ், இடித்தது, மறுபடி கட்டியது எல்லாம் சேர்த்து, இப்போது யாருமே குடியிருக்காத அந்த ஒரு அறைக்குக் கடைசியில் எங்களுக்கு ஆனது ஒரு லட்சத்து எழுபத்து நாலாயிரத்து இருநூறு ரூபாய்.